பாலக்காட்டு சாரின் மரியாதை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாரைக் கேட்டாலும் அவர் நல்லவர் என்றுதான் சொல்வார்கள். பெயர் பலருக்கு ஞாபகம் இருக்காது. பாலக்காட்டு சார் என்றால் போதும், முகம் மலர்ந்துவிடும். அவரைப் போல ஒரு மனுஷன் இந்த மலைக்கு வந்ததில்லை என்பார்கள். நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள். அவரைப் பற்றி நான் வாயைத் திறந்தால் நல்லதாக எதுவும் வராது என்று அவர்களுக்குத் தெரியும். இதையும் நான் நல்லதாகச் சொல்வதற்காக எழுதவில்லை.

அவர் வருவாய்த் துறையில் ஒரு அதிகாரி. ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பேசும்போது கொஞ்சம் முன்னால் வளைந்து நிற்கிற பழக்கம். சொந்த ஊர் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் எருத்தேன்பதிப் பக்கம். அங்கே பேசுவது கோயமுத்தூர்த் தமிழ்தான், எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு 'ங்க' ஒட்டிக்கொண்டு வரும். எங்கள் மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு அந்த 'ங்க' பழக்கமே இல்லை. 'ஏய்' என்றால் திரும்பிப் பார்ப்போம், 'அங்க என்ன பராக்கு' என்றால் குனிந்துகொள்வோம். மஸ்டரில் பேர் கூப்பிடுகிறவர் முதல் மருந்து கொடுக்கிறவர் வரை எல்லோருக்கும் நாங்கள் 'நீ'தான். என் அம்மா ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் அப்படித்தான் இருந்தது.

அப்படிப்பட்ட இடத்துக்கு இவர் வந்தார். முதல் நாளே லயத்து வாசலில் ஒரு நாய் குறுக்கே படுத்திருந்தது. வேறு ஆபீஸ்காரராக இருந்தால் ஷூ காலால் ஒரு தள்ளுத் தள்ளியிருப்பார். இவர் குடையைப் பிடித்தபடி நின்று, "கொஞ்சம் நகருங்க சாமி" என்றார். நாய்க்கு அந்தத் தமிழ் புரியவில்லை. அது தானாக எழுந்து சோம்பல் முறித்துப் போகும்வரை சாரலில் நனைந்துகொண்டு நின்றார். அன்று மாலைக்குள் ஐந்து லயத்திலும் இந்தக் கதை பரவிவிட்டது. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றினார். கொடுத்த பாலில்லாத கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதைப் பார்த்து என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அன்று அவரைப் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அவர் வந்த காரியம் சாதாரணமானது அல்ல. அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருந்தது. ஒரு காலத்தில் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் பிடித்து, மலைக்கு ஏற்றி, திரும்பிப் போக முடியாதபடி வைத்து வேலை வாங்கினார்கள். அப்படி அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகளுக்கு, நடந்த தவறுக்கு ஈடாகக் குடும்பத்துக்கு ஐந்து சென்ட் நிலம் பட்டா போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். மலையாள நோட்டீஸில் இழப்பீடு என்ற அர்த்தத்தில் 'பரிகாரம்' என்று போட்டிருந்ததால், எங்கள் ஆட்களில் சிலர் சர்க்கார் சனிப்பெயர்ச்சிக்கு ஏதோ செய்கிறது என்றே நினைத்துக்கொண்டார்கள்.

நிபந்தனை இரண்டு. முன்னோர் தானாக வேலை தேடி வந்தவராக இருக்கக் கூடாது, கொண்டுவரப்பட்டவராக இருக்க வேண்டும். அடுத்தது, குடும்பத்துக்கு வேறு மாநிலத்தில் ஊரும் வீடும் இருக்கக் கூடாது. இதற்கெல்லாம் யாரிடமும் காகிதம் இருக்காது என்பதால், அதிகாரி முன்னால் வந்து வாயால் சொன்னால் போதும் என்று வைத்திருந்தார்கள். அவர் அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். அந்த வாக்குமூலம்தான் எங்கள் ஆதாரம்.

எங்களுக்கு அந்த ஐந்து சென்ட் எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. லயத்து வீடு வேலைக்குக் கொடுத்தது, ஆளுக்குக் கொடுத்தது அல்ல. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். அப்பா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு ரிட்டையர் ஆக இன்னும் ஏழு மாதம்தான் இருந்தது. நான் கல்யாணமாகிப் போய், பிடிக்காமல் திரும்பி வந்து, மூணாறில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் நின்றுகொண்டிருந்தேன். அந்தச் சம்பளத்தில் சீசன் வாடகைக்கு ஒரு குளியலறைகூட எடுக்க முடியாது. ஏழு மாதம் கழித்து நாங்கள் இரண்டு பேரும் சட்டி பானையோடு எங்கே போய் நிற்பது என்பதுதான் வீட்டில் தினமும் ஓடிய பேச்சு.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண் மலையிலிருந்து கீழே தமிழ்நாட்டுப் பக்கம் போக வேண்டும். சங்கரன்கோவிலோ உசிலம்பட்டியோ, தாய்வீட்டுக்காரர்களின் பூர்வீகம் எங்கேயோ அங்கே. ஏழாம் மாதம் வளையல் போட்டு ஜீப்பில் ஏற்றி அனுப்புவார்கள். குழந்தையோடு திரும்பி வரும்போது கருப்பட்டியும் முறுக்கும் கொண்டுவந்து லயம் முழுக்கக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் இவளுக்குக் கீழே ஆள் இருக்கிறது, வீடு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். கொடுக்காதவளை யாரும் நேரில் ஒன்றும் கேட்க மாட்டார்கள். குழாயடியில் சண்டை முற்றும்போது மட்டும் 'போக்கிடம் இல்லாதவ' என்று ஒரு வார்த்தை வந்து விழும். அதைவிடக் கெட்ட வார்த்தை எங்கள் லயத்தில் கிடையாது.

என் அம்மாவுக்குப் போக்கிடம் இல்லை. அவளைப் பெற்றவளை ஏழெட்டு வயதில் ஒரு கங்காணி மலைக்குக் கொண்டுவந்தான். யார் கொடுத்தார்கள், எந்த ஊர் என்று அவளுக்கே தெரியாது. அவள் அம்மாவைப் பெற்றதும் லயத்தில்தான். நான் வயிற்றில் இருந்தபோது அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு அந்த அக்காவின் ஊருக்குப் போனாள். நிறைமாதத்திலும் அவர்கள் வீட்டில் சாணி அள்ளி, பாத்திரம் கழுவி, அங்கேயே என்னைப் பெற்றுக்கொண்டு திரும்பினாள். கருப்பட்டி சங்கரன்கோவில் கடையில் வாங்கியது. அதைத்தான் தாய்வீட்டுச் சீர் என்று லயம் முழுக்கக் கொடுத்தாள். அந்த அக்கா சாகும்வரை இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவும் நானும் மட்டும் தெரிந்துவைத்திருந்தோம்.

விசாரணை தொடங்குவதற்கு முன்னால் யூனியன்காரர் லயம் லயமாக வந்து ஒரே பாடத்தைச் சொல்லிக் கொடுத்தார். எது கேட்டாலும் 'இங்கதான் சார், கொண்டாந்தாக சார்' என்ற இரண்டு பதிலுக்கு மேல் பேசக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் மேல் டிவிஷனுக்குப் பாலக்காட்டு சார் என்றும், கீழ் டிவிஷனுக்கு வேறொரு அதிகாரி என்றும் முடிவானது. கீழ் டிவிஷன் அதிகாரி பெரிய வாய்க்காரர். முதல் நாளே வரிசையில் நின்ற கிழவர் ஒருவரைப் பார்த்து, இருமுவதென்றால் தமிழ்நாட்டில் போய் இருமு என்று கத்தியிருக்கிறார். கீழ் டிவிஷன்காரர்களை நினைத்து நாங்கள் பரிதாபப்பட்டோம்.

தமிழில் சொல்வதை மலையாளத்தில் எழுத ஒரு ஆள் வேண்டும் என்று பாலக்காட்டு சார் கேட்டபோது, யூனியன்காரர் என்னைக் காட்டினார். நான் லாட்ஜில் லீவு சொல்லிவிட்டு அவரிடம் ஒரு மாதம் எழுத்து வேலை பார்த்தேன். அவர் என்னை அம்மணி என்று கூப்பிடுவார். என் கையெழுத்தைப் புகழ்வார். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால், நான் ஒரு வாய் எடுத்த பிறகுதான் தானும் எடுப்பார். ஒரு நாள் அப்படிச் சாப்பிடும்போது தன் ஊர்க் கதையைச் சொன்னார். அவர்கள் வீட்டில் தென்னந்தோப்பும் நிலக்கடலைக் காடும் நிறைய உண்டாம். ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக அவர்களிடமே பண்ணையத்துக்கு ஆளாக உழைத்ததாம். அந்தக் காலத்தில் மற்ற பண்ணையத்தில் எல்லாம் வாடா போடா என்றுதான் கூப்பிடுவார்களாம். அவருடைய அப்பா மட்டும் அந்த வீட்டுக் குழந்தையைக்கூட வாங்க போங்க என்றுதான் சொல்வாராம். சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது.

அவர்களுக்கு ஏதாவது நிலம் எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"அவங்க கேக்கவே இல்லீங்களே அம்மணி" என்றார். "அவ்வளவு மரியாதையானவங்க."

அந்தப் பதில் எனக்கு ஏனோ சரியாகப் படவில்லை. ஆனாலும் சோற்றைப் பிசைந்தேன். சோறு ஊட்டுகிற குறையாக அன்பு காட்டுகிற மனுஷனைச் சந்தேகப்பட எனக்கே கூச்சமாக இருந்தது. இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

விசாரணை எஸ்டேட் கிளப் ஹாலில் நடந்தது. வந்தவர்களை எல்லாம் நாற்காலியில் உட்காரச் சொன்னார். வெயில் காலமே இல்லாத மலையில், தண்ணீர் வேண்டுமா என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பிறகு விசாரணைக்கு முன்னால், வீட்டுக்கு வந்த ஒறம்பரையிடம் கேட்பது போல நலம் விசாரிப்பார். ஊட்டில் எல்லோரும் சௌக்கியமுங்களா, பூர்வீகம் எந்தப் பக்கமுங்க, அங்கே மழை மாரி உண்டுங்களா. அவ்வளவுதான், எங்கள் ஆட்கள் யூனியன்காரர் சொன்ன பாடத்தைத் தூக்கித் தூரப் போட்டுவிடுவார்கள்.

அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய ஆபீசர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஊர் எது என்று மரியாதையாகக் கேட்கிறார். அவரிடம் போய், எனக்கு ஒன்றுமே கிடையாது, எங்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள் என்று யாருக்குச் சொல்ல வரும்? எல்லோருக்கும் திடீரென்று ஊர் முளைத்தது. ஒருவர் கோயில் கொடை பற்றிச் சொன்னார். ஒருத்தி தாத்தாவின் கிணற்றைப் பற்றிச் சொன்னாள். பார்த்தே இராத வீடுகளுக்கு வாசல் வைத்தார்கள், திண்ணை வைத்தார்கள். எங்க ஊருக்கு ஒருக்கா வாங்க சார் என்று அவரை விருந்துக்குக்கூடக் கூப்பிட்டார்கள். அவர் சந்தோசமுங்க, சந்தோசமுங்க என்று சொல்லிக்கொண்டே என் பக்கம் திரும்பி, எழுதிக்கோங்க அம்மணி என்பார்.

நான் எழுதினேன். சில இடத்தில் பேனாவை நிறுத்தி, சார், இவர் சும்மா பெருமைக்குச் சொல்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் உதட்டில் விரல் வைத்துவிட்டுச் சிரித்தார். பெரியவர்கள் பேசும்போது நடுவில் வெட்டக் கூடாதாம்.

அம்மாவின் முறை வந்தது. கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். அம்மாவுக்கு நாற்காலியின் நுனியில்கூட உட்கார வரவில்லை. பூர்வீகம் எந்தப் பக்கமுங்கம்மா என்று கேட்டதும், அம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

சங்கரன்கோவில் பக்கம் என்றாள். பிறகு நிறுத்த முடியவில்லை. ஓட்டு வீடு, பின்னால் மாட்டுத் தொழுவம், தொழுவத்தை ஒட்டி ஒரு முருங்கை மரம். தான் பிறந்ததும் அந்த வீட்டில், மகளைப் பெற்றதும் அதே வீட்டில். தாய்வீட்டுச் சீராக ஒரு கொட்டான் நிறையக் கருப்பட்டி வந்தது. எல்லாம் அந்த அக்காவின் வீடு. அம்மா சாணி அள்ளிய தொழுவம். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அதைப் பார்த்த சார், "அம்மா சொன்னதை அப்படியே எழுதுங்க அம்மணி. பெரியவங்க வார்த்தைங்க" என்றார். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். பொய் என்று அந்த இடத்தில் சொன்னால் அம்மாவின் முகம் என்ன ஆகும் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். என்னையும் அம்மாவையும் தெருவில் நிறுத்துகிற காகிதத்தை என் அழகான கையெழுத்தில் நானே எழுதினேன்.

ஒன்றரை மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். மேல் டிவிஷனில் பாதிப் பேருக்கு மேல் தள்ளுபடி, காரணம்: வேறு மாநிலத்தில் ஊரும் வீடும் உண்டு. கீழ் டிவிஷனில் அநேகமாக எல்லோருக்கும் கிடைத்திருந்தது. அந்த வாய்க்கார அதிகாரி போட்ட கூச்சலில் அங்கே யாருக்கும் நாக்கு புரளவில்லை. எதற்கும் 'இங்கதான் சார், கொண்டாந்தாக சார்' என்ற இரண்டே பதில். வெளியே போய்த் தொலை என்று அவர் துரத்திவிட்டவர்கள் எல்லாம் நிலக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தள்ளுபடியானவர்கள் யாரும் பாலக்காட்டு சாரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் என்ன செய்வார் பாவம், நாம்தானே சொன்னோம் என்றார்கள். நான் கத்தினேன். நலம் விசாரிப்பதை எல்லாம் வாக்குமூலத்தில் ஏன் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். நன்றி கெட்டவள், ஒரு மாதம் அவர் கூட உட்கார்ந்து சாப்பிட்டவள் என்று என்னைத்தான் திட்டினார்கள். அம்மா ரிட்டையர் ஆகும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அப்போது நான்கு மாதம் மிச்சம் இருந்தது.

தாலுக்கா ஆபீசுக்குப் போய் அவரைப் பார்த்தேன். எழுந்து நின்று வரவேற்றார். டீ வாங்கி வரச் சொன்னார். அம்மா சொன்னது பொய், அவளுக்குக் கீழே ஒரு குச்சி நட இடம்கூடக் கிடையாது, உங்களுக்கே அது தெரிந்திருக்கும் என்றேன். வந்த டீயை அவர் என் பக்கம் நகர்த்திவைத்தார்.

"தெரியுமுங்க" என்றார். "ஆனா ஒரு பெரியவங்க அவ்வளவு ஆசையா சொல்லும்போது, இல்லீங்க நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் எப்படிங்க சொல்றது? அது மரியாதை இல்லீங்களே."

அந்த மனுஷனிடம் கள்ளத்தனம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. காசு கேட்டிருந்தால்கூட ஒரு மாதிரி புரிந்துகொண்டிருப்பேன். அவர் மனதறிந்து யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. எங்களுக்கு என்ன வேண்டும் என்பது அவர் மண்டையில் ஏறவே இல்லை, அவ்வளவுதான். அவர் கொடுக்கிற 'ங்க'வை வாங்கிக்கொண்டு நாங்கள் நிறைந்த மனதோடு போய்விடுவோம் என்று நினைத்தார். முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் போனார்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பீல் போடலாமா என்று கேட்டேன். அம்மா நேரில் வந்து முன்பு சொன்னது தவறு என்று புதிதாக வாக்குமூலம் கொடுத்தால் மேலே அனுப்பலாம், ஆனால் அம்மாவைப் போன்ற ஒரு பெரியவரிடம் அதைக் கேட்கத் தனக்கே கூச்சமாக இருக்கிறது என்றார். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அம்மாவைச் சம்மதிக்கவைக்க மூன்று வாரம் ஆனது. முதல் வாரம் அவள் என்னோடு பேசவே இல்லை. இரண்டாம் வாரம், ஊரில்லாதவள் என்று ஊரறியச் சொல்வதற்குப் பதிலாக டேமில் குதிக்கிறேன் என்றாள். குதித்தால் வீட்டுச் சாவியை நாளைக்கே வாங்கிவிடுவார்கள் என்றேன். நான் பேசியதில் மோசமான பேச்சு அதுதான். மூன்றாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்து, "எந்தப் பஸ்ஸுக்குப் போகணும்?" என்று கேட்டாள்.

தாலுக்கா ஆபீஸ் வராந்தாவில் பெஞ்சு நிறைய ஆட்கள். எங்கள் லயத்துக்காரர்களே மூன்று பேர் வேறு வேலையாக வந்திருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது, உள்ளே பேசுவது வெளியே கேட்கும். பாலக்காட்டு சார் வழக்கம்போல எழுந்து கும்பிட்டார். இந்தத் தடவை தானே எழுதுவதாகச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"எனக்கு ஊரு கெடையாது சார். அன்னைக்கு நான் சொன்னது பக்கத்து வீட்டு அக்கா வீடு. எங்கம்மாவச் சின்னப் புள்ளையில கங்காணி புடிச்சுட்டு வந்தான். பெத்தவக யாருன்னு அவளுக்குத் தெரியாது. ஒருக்கா ஓடிப்போனா, மறையூர்ல புடிச்சுக் கொண்டாந்து ரூம்ல போட்டுப் பூட்டுனாக. அப்புறம் அவ ஓடல. என்னைய லயத்துலதான் பெத்தா. எனக்குப் போக்கிடம் கெடையாது."

வராந்தாவில் இருந்தவர்கள் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.   அவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். எழுதி முடித்து, படித்துப் பாருங்க அம்மணி என்று காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

அம்மாவுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். மனுதாரரின் தாயார் சிறு வயதில் தொழில் நிமித்தமாக இம்மலைக்கு வந்து குடியேறியவர் என்றும், பூர்வீக இல்லம் குறித்து விவரம் கிடைக்கவில்லை என்றும் இருந்தது. பிடித்து வந்ததும் இல்லை, பூட்டியதும் இல்லை. வேலை தேடி வந்தவர் என்று ஆகிவிட்டால் முதல் நிபந்தனையிலேயே கதை முடிந்தது. சார், இப்படி எழுதினால் எங்களுக்கு நிலம் கிடைக்காது என்றேன்.

அவர் கையைப் பிசைந்தார். "அந்த வார்த்தைய எல்லாம் ஒரு தாயைப் பத்தி எழுத எனக்குக் கை வரலீங்க. எழுதினா ஆபீஸ் இருக்கற காலம் வரைக்கும் இருக்குமுங்க. உங்க குடும்பத்துக்கு அது கௌரவமுங்களா?"

"அடிமைன்னு எழுதுங்க சார்" என்றாள் அம்மா.

"அம்மா, உங்க மேல இருக்கற மரியாதையிலதானுங்க சொல்றேன்."

"அந்த மரியாதைய நான் எங்க கொண்டுபோய் வைக்க சார்? அத வைக்கவும் ஒரு வீடு வேணும்ல. எங்கம்மா அடிமை. நான் அடிமை பெத்த புள்ள. எழுதுங்க. எழுதாம நான் இங்கிருந்து நகர மாட்டேன்."

அவர் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தன் கையால் பரிமாறியதை ஒருவர் இலையோடு தள்ளிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது முகம். புதுக் காகிதம் எடுத்தார். இந்தத் தடவை அம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதினார், பிடித்ததையும் பூட்டியதையும் சேர்த்து. அடிமை என்ற சொல்லை இரண்டு இடத்தில் எழுதினார். நான் வாசித்துச் சரிபார்த்தேன். அம்மா கையெழுத்துப் போட்டாள்.

அந்தக் காகிதம் வேலை செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா சாவியைக் கொடுப்பதற்குப் பதினொரு நாள் முன்னால் உத்தரவு வந்தது. நிலம் சரிவான இடம், மண்வெட்டி போட்ட இடமெல்லாம் பாறை. அதில் இரண்டு அறை கட்டி இருக்கிறோம். எங்களைப் பார்த்து இன்னும் நாலைந்து குடும்பம் போய் அதே வார்த்தையைச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்களுக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. பாலக்காட்டு சார் மாற்றலாகிப் போகும்போது அவருக்குச் சால்வை போட்டது அவர்கள்தான்.

ஆனால் எனக்கு அவரை நினைத்தால் ஞாபகம் வருவது அந்த ஆபீஸ் அறையின் கடைசி நிமிஷம்தான். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, வழக்கம்போலக் கும்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. காகிதத்தில் முத்திரை குத்தி, மடித்து, ஃபைலில் வைத்து நாடாவைக் கட்டினார். கட்டும்போதே, தலையைத் தூக்காமல், "செரி, போ. லெட்டர் வரும்" என்றார்.

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. நாய்க்குக்கூட அவர் சொல்லாத வார்த்தை. நான் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். வராந்தாவில் எங்கள் லயத்துக்காரர்களைக் கடந்தபோது அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். படி இறங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆத்திரத்தில் வந்த அழுகை. ஐம்பத்தெட்டு வயதுக்காரியை எப்படிப் பேசுகிறான் பார் என்று முணுமுணுத்தேன்.

அம்மா நின்று என் முகத்தைப் பார்த்தாள். பல வாரமாகச் சிரிக்காதவள் சிரித்தாள்.

"கேட்டியா, 'போ'ன்னுட்டான்" என்றாள். "இனிமே கெடைச்சுரும் புள்ள."